கோட்டுக்கும் அகலம் உண்டு

ஓடுதளத்தில் முடிவுக்கோடு என்று வெள்ளையடித்து வைத்திருப்பதன் அகலம் 5 சென்டிமீட்டர். அந்த ஐந்து சென்டிமீட்டருக்குள் முடிவு என்பது சரியாக எந்த இடம்? விதிப்புத்தகத்தில் இதற்கும் பதில் இருக்கிறது: ஓடி வருபவருக்கு முதலில் எதிர்ப்படும் விளிம்பு. இவ்வளவு கறார் எதற்கு என்று தோன்றும். 2024 ஆகஸ்ட் 4 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆண்களுக்கான 100 மீட்டர் இறுதிப் போட்டி முடிந்தபோது, தங்கத்துக்கும் வெள்ளிக்கும் நடுவே இருந்த தூரம் ஏறக்குறைய அந்தக் கோட்டின் அகலம்தான்.

அமெரிக்காவின் நோவா லைல்ஸ், ஜமைக்காவின் கிஷேன் தாம்ப்சன் இருவருக்கும் பலகையில் 9.79 நொடி என்றே வந்தது. தாம்ப்சன் தன்னை முந்திவிட்டார் என்று நினைத்து லைல்ஸ் அவரிடமே போய் அதைச் சொல்லியும்விட்டார். பிறகுதான் மூன்றாவது தசம இலக்கம் வெளியானது. லைல்ஸ் 9.784, தாம்ப்சன் 9.789. நொடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஐந்து பங்கு. அந்த வேகத்தில் ஓடுகிற மனிதர் அவ்வளவு நேரத்தில் கடக்கும் தூரம் ஐந்தரை சென்டிமீட்டர் இருக்கலாம்.

கண்ணால் பார்த்து இதைச் சொல்ல முடியாது. சொன்ன கருவி விசித்திரமானது. முடிவுக்கோட்டில் பொருத்தப்படும் ‘போட்டோ ஃபினிஷ்’ கேமரா, நாம் நினைப்பதுபோல் ஒரு கணத்தைப் படம் பிடிப்பதில்லை. அது பார்ப்பது ஒரு மெல்லிய கீற்றை மட்டும். கோட்டின் விளிம்புக்கு நேர் மேலே, நூல் அளவு இடத்தை. அந்தக் கீற்றை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை படமெடுத்து (பாரிஸில் 40,000 வரை) ஒன்றன்பக்கத்தில் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போகிறது. நம் கைக்கு வரும் படத்தில் இடவலமாக நீள்வது காலம். வீரர்கள் அதில் வரிசையாக நிற்பதுபோல் தெரியும். உண்மையில் அந்தப் படத்தில் இருக்கும் ஒவ்வொருவரும் ஒரே இடத்தில்தான் இருக்கிறார்கள், வெவ்வேறு நேரங்களில். கோட்டின் மேலேயே ஊன்றி நின்ற கால் பூட்ஸ் போல நீண்டு கிடப்பதும், வீசிய கை சுருங்கிப்போவதும் அதனால்தான். அந்தப் படத்தின்மேல் நடுவர் ஒரு செங்குத்துக் கோட்டை நகர்த்தி ஒவ்வொருவரின் மார்பிலும் நிறுத்துகிறார். தலை கணக்கில் இல்லை, கழுத்து இல்லை, கைகால்களும் இல்லை. உடற்பகுதி மட்டும்.

ஏன் உடற்பகுதி? இயற்கை அப்படி எதுவும் சொல்லவில்லை. நாம் வைத்துக்கொண்ட ஏற்பாடு அது. 1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் எடி டோலன், ரால்ஃப் மெட்காஃப் இருவரும் 100 மீட்டரை 10.3 நொடியில் முடித்தார்கள். படச்சுருளை ஓட்டிப் பார்த்துத்தான் டோலனுக்குத் தங்கம் கொடுத்தார்கள். அன்றைய விதிப்படி உடற்பகுதி முழுவதும் கோட்டைத் தாண்டியிருக்க வேண்டும். யாருடையது முதலில் தொட்டது என்பது கேள்வியே இல்லை. பின்னாளில் விதி மாறி, தொட்டாலே போதும் என்றானது. கால்கள், நொடிகள், படச்சுருள் எல்லாவற்றையும் அப்படியே வைத்துவிட்டு இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மாற்றிப்போட்டால், டோலனின் தங்கம் கேள்விக்கு உள்ளாகிவிடும். இழுபறிப் போட்டிகளில் என்னை ஈர்ப்பது இந்த இடம்தான். வித்தியாசம் பெரிதாக இருக்கும்வரை விதிகள் கண்ணில் படுவதில்லை. அது சுருங்கச் சுருங்க, வென்றவரைத் தீர்மானிக்கும் வேலை ஓடியவர்களின் கால்களிடமிருந்து அளப்பவர்களின் கைக்கு நழுவுகிறது.

தொடக்கத்திலும் இதே கதை. ஒருவர் ஓரமாக நின்று துப்பாக்கியால் சுட்டால், அந்த ஒலி எட்டுத் தடங்களையும் ஒரே நேரத்தில் எட்டாது. ஒரு தடத்தின் அகலம் 1.22 மீட்டர். முதல் தடத்துக்கும் எட்டாவது தடத்துக்கும் இடையே எட்டரை மீட்டர். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும் என்றால், கடைசித் தடத்துக்காரர் நொடியில் ஆயிரத்தில் இருபத்தைந்து பங்கு தாமதமாகக் கேட்பார். லைல்ஸ் வென்ற வித்தியாசத்தைப்போல் ஐந்து மடங்கு! இப்போது ஒவ்வொரு வீரருக்கும் பின்னால் தனித்தனி ஒலிபெருக்கி வைத்திருப்பது இதற்காக. அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் எத்தனை பதக்கங்கள் காற்றில் ஒலியின் வேகத்தால் இடம் மாறின என்று யாரும் கணக்கெடுக்க முடியாது.

இந்தியர்களுக்கு இந்தக் கணக்கில் ஒரு தழும்பு உண்டு. 1984, மறுபடியும் லாஸ் ஏஞ்சலஸ், பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டம். பி.டி. உஷா 55.42. மூன்றாவதாக வந்த ருமேனியாவின் கிறிஸ்டியானா கொஜோகாரு 55.41. நூறில் ஒரு பங்கு நொடி; தூரத்தில் ஏழு சென்டிமீட்டர் சொச்சம். நானூறு மீட்டர் ஓடி, பத்துத் தடைகளைத் தாண்டிய பிறகு.

அப்படியானால் இன்னும் நுணுக்கமாக அளந்துகொண்டே போனால் எல்லா இழுபறியும் தீர்ந்துவிடுமா? நீச்சல்காரர்கள் அதை முயன்று பார்த்துக் கைவிட்டார்கள்.

1972 மியூனிக் ஒலிம்பிக். ஆண்களுக்கான 400 மீட்டர் தனிநபர் மெட்லி. சுவீடனின் குனார் லார்சன், அமெரிக்காவின் டிம் மெக்கீ இருவருக்கும் 4 நிமிடம் 31.98 நொடி. கருவியில் இன்னோர் இலக்கம் இருந்தது. அதைப் பார்த்தார்கள்: லார்சன் 31.981, மெக்கீ 31.983. தங்கம் லார்சனுக்கு. ஆயிரத்தில் இரண்டு பங்கு நொடியில் அவர்கள் நீந்தும் தூரம் சுமார் 3 மில்லிமீட்டர். இங்கேதான் சிக்கல். 50 மீட்டர் குளம் என்று கட்டுகிறோமே, அதன் ஒவ்வொரு தடமும் 50 மீட்டருக்கு மேல் 3 சென்டிமீட்டர் வரை கூடியிருக்க விதி அனுமதிக்கிறது. கொத்தனார் கட்டும் சுவருக்கு அவ்வளவாவது இடம் கொடுத்தாக வேண்டும். லார்சனும் மெக்கீயும் ஆளுக்கு எட்டு நீளம் நீந்தினார்கள். ஒரு தடம் இன்னொன்றைவிட அரை மில்லிமீட்டர் நீளமாக இருந்திருந்தாலே எட்டு நீளத்தில் 4 மில்லிமீட்டர் ஆகிவிடும். கடிகாரம் அளந்தது நீச்சலையா, சுவரையா?

அதன்பிறகு நீச்சலில் நூறில் ஒரு பங்கு நொடியோடு நிறுத்திக்கொண்டார்கள். அதற்குக் கீழே பார்க்கும் கருவி கையில் இருந்தும் பார்ப்பதில்லை. நேரம் ஒன்றாக வந்தால் இருவருக்கும் பதக்கம். 2016 ரியோவில் ஆண்களுக்கான 100 மீட்டர் பட்டர்ஃபிளையில் சிங்கப்பூரின் ஜோசப் ஸ்கூலிங் 50.39 நொடியில் தங்கம் வென்றார்; அவருக்குப் பின்னால் அமெரிக்காவின் ஃபெல்ப்ஸ், தென்னாப்பிரிக்காவின் சாட் லெ க்ளோஸ், ஹங்கேரியின் லாஸ்லோ சே மூவருக்கும் 51.14. மேடையில் மூன்று வெள்ளி, வெண்கலமே கிடையாது. விளையாட்டு உலகம் எடுத்த முடிவுகளில் இதைவிட நேர்மையான ஒன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. தன் கருவிக்கு எது தெரியாது என்பதை விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஓட்டக்காரர்களுக்கு அந்த மனம் எளிதில் வரவில்லை. 2012-ல் அமெரிக்க ஒலிம்பிக் அணித் தேர்வின் பெண்கள் 100 மீட்டரில் அலிசன் ஃபெலிக்ஸ், ஜெனிபா டார்மோ இருவரும் மூன்றாமிடத்துக்கு 11.068 நொடி. ஆயிரத்தில் ஒரு பங்குவரை சமம். ஒலிம்பிக் இடமோ ஒன்றுதான் பாக்கி. இப்படி நடந்தால் என்ன செய்வது என்று யாரும் முன்கூட்டி எழுதி வைக்கவில்லை. நாணயம் சுண்டலாமா, மறுபடி ஓடலாமா என்று அவசரமாக ஒரு விதி தயாரானது. கடைசியில் டார்மோ விலகிக்கொண்டார்.

கிரிக்கெட் வேறு மாதிரி. அங்கே ஓட்டங்கள் முழு எண்கள். எண்ணுவதில் மில்லிமீட்டர் தகராறு வராது. 1986 செப்டம்பர், சென்னை சேப்பாக்கம். ஆஸ்திரேலியா 574, 170. இந்தியா 397, 347. கூட்டினால் இரு பக்கமும் 744. டெஸ்ட் வரலாற்றில் இப்படிச் சமனில் முடிந்த ஆட்டங்கள் இரண்டே இரண்டு. மற்றது 1960-ல் பிரிஸ்பேனில். சேப்பாக்கத்தின் கடைசி ஓவரில் நான்கு ஓட்டம் வேண்டும், ஒரு விக்கெட் கையில். வீசியவர் கிரெக் மேத்யூஸ். ரவி சாஸ்திரி இரண்டு எடுத்தார், பிறகு ஒன்று. இப்போது ஸ்கோர் சமம். மனிந்தர் சிங் ஒரு பந்தைத் தடுத்தார். அடுத்தது காலில் பட்டது. நடுவர் விக்ரம்ராஜுவின் விரல் உயர்ந்தது.

அந்த ஐந்து பந்துகளில் மைதானம் பட்டபாட்டுக்கு ஒரு சூத்திரம் உண்டு. ஜெஃப்ரி ஈலி, அலெக்சாண்டர் ஃபிராங்கெல், எமிர் கமெனிக்கா என்ற மூன்று பொருளியலாளர்கள் 2015-ல் வெளியிட்ட ஆய்வில் பரபரப்பை இப்படி வரையறுத்தார்கள்: அடுத்த கணம் நம் எதிர்பார்ப்பை எவ்வளவு தூரம் புரட்டிப்போடக்கூடும் என்பதே அந்தக் கணத்தின் பரபரப்பு. முதல் நாள் காலையில் ஒரு பந்து வெற்றி வாய்ப்பை ஒரு சதவீதம்கூட அசைக்காது. கடைசி ஓவரில் ஒவ்வொரு பந்தும் முழுத் தராசையும் கவிழ்க்கும். உடலும் இதை அறியும். 2006 கால்பந்து உலகக் கோப்பையில் ஜெர்மனி ஆடிய நாட்களில் மியூனிக் வட்டாரத்தில் அவசர இதயக் கோளாறுகள் 2.66 மடங்காகக் கூடியதை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள்.

சேப்பாக்கத்துக்குத் திரும்புவோம். 744 என்ற முழு எண்ணின் அடியில் என்ன இருந்தது? பந்து மட்டையில் பட்டதா, ஸ்டம்பை நோக்கிப் போனதா என்று ஒரு மனிதர் ஒரு கணத்தில் எடுத்த முடிவு. மட்டையில் பட்டது என்று மனிந்தர் பக்கம் இன்றும் சாதிப்பவர்கள் உண்டு. எண்ணிக்கை துல்லியமானதுதான், எண்ணப்படும் ஒவ்வொன்றும் அதற்கு முன்பே ஓர் அளவீட்டைக் கடந்து வந்திருக்கிறது. இன்றைய கிரிக்கெட் இதைப் பாதி ஒப்புக்கொள்கிறது. பந்தின் பாதையைக் கணிக்கும் கருவி, பந்தில் பாதிக்கும் குறைவாகவே ஸ்டம்பில் உரசும் என்று காட்டினால் ‘அம்பயர்ஸ் கால்’. களத்து நடுவர் முன்பு என்ன சொன்னாரோ அதுவே நிற்கும். ஒரே பந்து, ஒரே படம். நடுவர் அவுட் என்றிருந்தால் அவுட், இல்லையென்றால் இல்லை. வர்ணனையாளர்கள் இதைக் கேலி செய்யாத தொடரே கிடையாது. எனக்கு இதில் குறை தெரியவில்லை. என் கணிப்பில் பிழை இருக்கலாம், அந்த அளவுக்குள் நான் தலையிட மாட்டேன் என்று ஓர் இயந்திரம் சொல்வது சாதாரண விஷயமா?

வாக்குகளும் முழு எண்கள்தான். அரை வாக்கு கிடையாது. அதனால்தான் 2000-ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் நடந்தது பலருக்கு நம்ப முடியாததாக இருந்தது. அந்த ஒரு மாநிலத்தைப் பிடிப்பவரே அதிபர். அன்றிரவு தொலைக்காட்சிகள் ஃப்ளோரிடாவை அல் கோருக்குக் கொடுத்தன, திரும்பப் பெற்றன, ஜார்ஜ் புஷ்ஷுக்குக் கொடுத்தன, அதையும் திரும்பப் பெற்றன. கோர் தோல்வியை ஒப்புக்கொண்டு புஷ்ஷுக்குத் தொலைபேசினார். சிறிது நேரத்தில் மறுபடி அழைத்து அதை வாபஸ் வாங்கினார். முதல் எண்ணிக்கையில் புஷ் 1,784 வாக்கு முன்னிலை. மறு எண்ணிக்கையில் 327. வெளிநாட்டிலிருந்து வந்த தபால் வாக்குகளைச் சேர்த்ததும் 930. சில மாவட்டங்களில் கையால் எண்ணியவற்றையும் சேர்த்துச் சான்றளித்தபோது 537. பதிவான வாக்குகளோ சுமார் 60 லட்சம்.

பல மாவட்டங்களில் வாக்குச்சீட்டு என்பது துளையிடும் அட்டை. வேட்பாளருக்கு நேரே ஊசியால் குத்தினால் சிறு துணுக்கு உதிரும். துளை வழியே இயந்திரம் எண்ணும். சரியாகக் குத்தாவிட்டால் துணுக்கு ஒரு மூலையில் தொங்கும். அல்லது இரண்டு மூலையில். அல்லது குழிந்து மட்டும் நிற்கும். இதில் எது வாக்கு? ஒவ்வொரு மாவட்டமும் ஒவ்வொரு விதம் பார்த்தது. பூதக்கண்ணாடியும் கையுமாக அட்டையை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப்பிடித்துப் பார்த்த அதிகாரிகளின் படங்கள் உலகம் முழுக்கப் போயின. டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் 5-4 என்ற தீர்ப்பில் எண்ணிக்கையை நிறுத்தியது. அடுத்த ஆண்டு சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வு மையம், செய்தி நிறுவனங்களுக்காக, எண்ணப்படாத சுமார் 1,75,000 சீட்டுகளை ஆராய்ந்தது. கோர் கேட்டிருந்த நான்கு மாவட்டங்களை மட்டும் மறுபடி எண்ணியிருந்தால் புஷ்ஷே வென்றிருப்பார். மாநிலம் முழுக்க எல்லாச் சீட்டையும் எடுத்திருந்தால் கோர் மிகச் சில வாக்குகளில் முந்தியிருப்பார். அதிலும் எந்தத் துணுக்கை ஏற்பது என்பதைப் பொறுத்து அந்தச் சில வாக்குகளும் மாறின.

537 எவ்வளவு சிறியது என்பதற்கு ஒரு கணக்கு. நூறு முறை நாணயம் சுண்டினால் தலைக்கும் பூவுக்கும் பெரும்பாலும் சரியாக ஐம்பது ஐம்பது விழாது. வித்தியாசம் பத்தை ஒட்டி இருக்கும். பத்தாயிரம் முறை சுண்டினால் நூறை ஒட்டி. எண்ணிக்கையின் வர்க்கமூலம் எவ்வளவோ அவ்வளவு. ஃப்ளோரிடாவின் 60 லட்சம் பேரும் யோசிக்காமல் நாணயம் சுண்டி வாக்களித்திருந்தால்கூட, இரு பக்கத்துக்கும் இடையே சுமார் 2,400 வாக்கு வித்தியாசம் வந்திருக்கும். வந்தது அதில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. கொள்கை, பிரசாரம், பணம், விவாத மேடை எல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய், குருட்டு அதிர்ஷ்டம் விட்டுவைக்கும் இடைவெளியைவிடச் சின்ன இடைவெளியில் ஒரு அதிபர்.

இந்தியாவில் மின்னணு இயந்திரம் வந்த பிறகு எண்ணும் பிழை பெருமளவு ஒழிந்தது. இழுபறி ஒழியவில்லை. 2004-ல் கர்நாடகத்தின் சந்தேமரஹள்ளியில் ஆர். துருவநாராயணா 40,752, ஏ.ஆர். கிருஷ்ணமூர்த்தி 40,751. 2008-ல் ராஜஸ்தானின் நாத்துவாராவில் மாநிலக் காங்கிரஸ் தலைவர் சி.பி. ஜோஷி 62,215, அவரை வென்றவர் 62,216. இயந்திரம் ஒன்றைச் சரியாக எண்ணும். எண்ணத் தகுந்தது எது என்று அதற்குத் தெரியாது. 2016-ல் நெல்லை மாவட்டம் ராதாபுரத்தில் அ.தி.மு.க.வின் இன்பதுரை, தி.மு.க.வின் அப்பாவுவை 49 வாக்கில் வென்றதாக அறிவிக்கப்பட்டது. அப்பாவு தொடுத்த வழக்கின் மையத்தில் 203 தபால் வாக்குகள். அவற்றுக்குச் சான்றொப்பம் இட்டவர் பள்ளித் தலைமையாசிரியர். அந்தக் கையெழுத்து செல்லுமா, செல்லாதா? 2019-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தபால் வாக்குகளையும் கடைசி மூன்று சுற்றுகளையும் மறுபடி எண்ணச் சொன்னது. எண்ணினார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அப்பாவு 2021 தேர்தலில் வென்று சட்டப்பேரவைத் தலைவராகவே ஆகிவிட்டார்.

ஒரே அறைக்குள் ஐந்நூற்றுச் சொச்சம் பேரை எண்ணுவதிலாவது சந்தேகம் வராதல்லவா? 1999 ஏப்ரல் 17. அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொண்டதால் மக்களவையில் நம்பிக்கை வாக்கு கோரிய வாஜ்பாய் அரசு 269-க்கு 270 என்று ஒரே வாக்கில் கவிழ்ந்தது. எண்ணிக்கையை யாரும் மறுக்கவில்லை. கேள்வி வேறு. கிரிதர் கமாங் அப்போது ஒடிசா முதலமைச்சராகிவிட்டார்; மக்களவை உறுப்பினர் பதவியை இன்னும் விடவில்லை. அவர் வாக்களிக்கலாமா? அவைத் தலைவர் பாலயோகி அதை அவருடைய மனச்சாட்சிக்கே விட்டார். கமாங் எதிர்த்து வாக்களித்தார்.

நீச்சல் குளத்துக்கு இருக்கும் வசதி அரசியலுக்கு இல்லை. மூன்று பேருக்கு வெள்ளி கொடுக்கலாம்; ஒரு தொகுதிக்கு இரண்டு உறுப்பினர் கிடையாது. சரிபாதியாகப் பிளந்த ஒரு லட்சம் வாக்காளர் நாணயம்போல் வாக்களித்தால் அச்சாகச் சமன் வர நானூறில் ஒரு வாய்ப்பு உண்டு. அதற்கு இந்திய மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 65-ஆம் பிரிவில் வைத்திருக்கும் வழி சீட்டுக் குலுக்கல். சீட்டு யாருக்கு விழுகிறதோ அவருக்கு ஒரு வாக்கு கூடுதலாகக் கிடைத்ததாகக் கொள்ள வேண்டும். தமிழருக்கு இதில் புதுமை இல்லை. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, குடத்திலிருந்து ஓலையை எடுக்க விவரம் அறியாத ஒரு சிறுவனைத்தான் நிறுத்தச் சொல்கிறது. அந்தக் கருவியின் தகுதியே எதுவும் தெரியாமல் இருப்பது.

2017-ல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலப் பேரவைத் தேர்தலில், 94-ஆம் தொகுதியில் குடியரசுக் கட்சியின் டேவிட் யான்சி முதலில் பத்து வாக்கில் வென்றார். மறு எண்ணிக்கையில் ஜனநாயகக் கட்சியின் ஷெல்லி சைமண்ட்ஸ் ஒரு வாக்கில் வென்றார். மறுநாள் நீதிபதிகள் முன்னால் ஒரே ஒரு சீட்டு வந்தது. அதில் இருவர் பெயருக்கு நேரேயும் வட்டம் நிரப்பப்பட்டிருந்தது. சைமண்ட்ஸின் வட்டத்தின்மேல் மட்டும் ஒரு சாய்கோடு. அது அடித்தல் என்று நீதிபதிகள் படித்தார்கள். வாக்கு யான்சிக்கு. ஆளுக்கு 11,608. 2018 ஜனவரி 4 அன்று இரண்டு பெயர்களையும் பழைய ஃபிலிம் டப்பாக்களில் போட்டு, ஒரு பீங்கான் கிண்ணத்திலிருந்து ஒன்றை எடுத்தார்கள். யான்சியின் பெயர் வந்தது. நூறு பேர் கொண்ட அவையில் அவருடைய கட்சிக்கு 51-49 பெரும்பான்மையும் அந்த டப்பாவோடு வந்தது. குலுக்கலில் தோற்றவர் இன்னொரு மறு எண்ணிக்கை கேட்கச் சட்டத்தில் இடமிருந்தது. சைமண்ட்ஸ் கேட்கவில்லை; 2019-ல் மறுபடி நின்று யான்சியைத் தோற்கடித்தார்.